மெக்சிகோ நகரத்துச் சின்ன டாக்கோ கடையில் சாப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோ நகரத்தில் நார்வார்த்தே என்ற பகுதியில் சில வருடங்களாகக் குடியிருக்கிறேன். ஊரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ யார் வந்தாலும் முதல் நாள் இரவு எங்கள் தெருமுனைக் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஆறு ஸ்டூல், நீளமாக ஒரு தகர மேடை, அவ்வளவுதான் கடை. அப்பா இறைச்சி சீவுவார். அம்மா காலையிலேயே சல்சா என்ற மிளகாய்ச் சட்னியை அரைத்து வைத்துவிட்டு இரவில் தொர்த்தீயா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டி சுடுவார். அதில் இறைச்சியை வைத்துத் தந்தால் டாக்கோ. மகள் கணக்குப் பார்ப்பாள். தட்டு கழுவுவதில் தொடங்கி கேஸ் சிலிண்டர் மாற்றுவது வரை மிச்சமெல்லாம் மருமகன் தலையில். வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயில் டாக்கோவை வைத்துக்கொண்டு பதில் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

டாக்கெரியா என்றால் ஹோட்டலா, தள்ளுவண்டியா?

இரண்டுக்கும் நடுவில். டாக்கோ விற்கும் இடம் எதுவானாலும் டாக்கெரியாதான். ஐம்பது பேர் உட்காரும் கடையும் உண்டு, நின்றுகொண்டே சாப்பிடும் இடமும் உண்டு. குடும்பமாக நடத்தும் சின்னக் கடைகளுக்கு ஒரு பொதுக் குணம் இருக்கிறது: மூன்று நான்கு வகைதான் இருக்கும். நம்மூரில் ராத்திரி மட்டும் திறக்கும் புரோட்டாக் கடையில் போய் பொங்கல் கேட்க மாட்டோம் இல்லையா? அதே மாதிரி. இங்கே நாம் நினைத்து வந்ததைக் கேட்பதைவிட அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் கேட்பதுதான் சரி.

டாக்கோவா, தாக்கோவா?

கடையில் "தாக்கோ" என்று சொல்லுங்கள். ஸ்பானிஷ் மொழியின் 'த' நம் 'த' போலவே பல்லில் நாக்கு படுவது. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் "டார்ட்டில்லா" என்று சிரமப்படுவார்கள், நமக்கு "தொர்த்தீயா" தண்ணீர் பட்ட பாடு. எழுதும்போது பழக்கப்பட்ட டாக்கோவே இருக்கட்டும்.

எந்த நேரத்தில் போவது?

டாக்கோவுக்கு டாக்கோ நேரம் மாறும். கூடையில் வைத்து சைக்கிளில் கொண்டுவரும் ஆவி பறக்கும் டாக்கோ காலைக்கு. பன்றிக் கொழுப்பில் பன்றி இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் கர்நீத்தாஸ் காலை முதல் மதியச் சாப்பாட்டு நேரம் வரை. குழியில் கற்றாழை இன மடல்களைப் போர்த்தி இரவெல்லாம் வேகும் ஆட்டிறைச்சி, அதாவது பார்பக்கோவா, சனி ஞாயிறு காலையில். ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் பாத்திரத்தின் அடிதான் மிஞ்சும். மசாலா பூசிக் கம்பியில் சுற்றும் பன்றி இறைச்சி, அதாவது பாஸ்தோர், இரவுச் சாப்பாடு.

எங்கள் கடை மாலை ஆறுக்குத் திறக்கும். நான் எட்டரைக்கு முன்னால் போக மாட்டேன். ஆறு மணிக்கு இறைச்சிக் கோபுரத்தின் வெளிப்பக்கம் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருக்கும். எட்டரைக்குள் கூட்டம் கூடி, சீவச் சீவப் புதுப் புறம் தீயில் முறுகி, ஓரமெல்லாம் கருகலாக நிற்கும். அந்தக் கருகல்தான் வேண்டும்.

எப்படி ஆர்டர் செய்வது? எத்தனை சொல்வது?

முதலில் இரண்டு சொல்லுங்கள். பசி எவ்வளவு இருந்தாலும் இரண்டுதான். டாக்கோ உள்ளங்கை அகலம்தான் இருக்கும், இரண்டு மூன்று கடியில் தீர்ந்துவிடும். ஒரேயடியாக ஆறு வாங்கினால் நான்காவதுக்கு வரும்போது ஆறிப்போய்க் கொழுப்பு உறைந்திருக்கும். தோசையைச் சுடச் சுட ஒவ்வொன்றாகப் போடச் சொல்கிற மாதிரி, முடித்ததும் அடுத்த இரண்டு. கல்லில் நிற்பவருக்கும் அதுதான் பிடிக்கும்.

"கோன் தோதோ?" என்று கேட்பார்கள். "எல்லாம் போட்டா?" என்று அர்த்தம். எல்லாம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும். ஆம் என்று தலையாட்டுங்கள். "கோன் கோப்பியா" என்றால் ஒன்றுக்கு அடியில் இன்னொரு தொர்த்தீயா, நகல் எடுத்த மாதிரி. அடித் தொர்த்தீயா கிழியாமல் தாங்கும். அப்புறம் தட்டில் சிந்தியதை எல்லாம் அதில் அள்ளிப் போட்டால் இனாமாக ஒரு டாக்கோ ஆச்சு.

என்னைப் பார்த்து "குவேரோ" என்கிறாரே, கிண்டலா?

கிண்டல் இல்லை. குவேரோ என்றால் வெள்ளைத் தோல்காரர். "பாசலே, குவேரோ!", அதாவது "உள்ளே வாங்க, வெள்ளைக்காரரே!" என்று யாரைப் பார்த்தாலும் கூப்பிடுவார்கள். பெண்களுக்கு குவேரா. நான் நல்ல கறுப்பு. என் வாழ்நாளில் யாரும் என்னை வெள்ளை என்று சொன்னதில்லை, என் பாட்டி உட்பட. இங்கே வாரத்துக்கு மூன்று முறை சொல்கிறார்கள். நம் கடைக்காரர்கள் எல்லாரையும் "சார்" என்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளை நிறத்தைச் சொல்லி மரியாதை காட்டுவது ஏன் என்று யோசித்தால் அதற்குள் முந்நூறு வருட ஸ்பானிய ஆட்சி இருக்கிறது. ஃபேர்னஸ் க்ரீம் விற்கும் ஊரிலிருந்து வந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சுழலும் சிவப்புக் கோபுரம் என்ன? ஷவர்மா மாதிரியே இருக்கிறதே?

ஷவர்மாவேதான், வேறு சட்டை போட்டுக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து லெபனான் பக்கத்திலிருந்து நிறையப் பேர் மெக்சிகோவுக்குக் குடிவந்தார்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். செங்குத்துக் கம்பியில் இறைச்சி சுடும் வித்தை அவர்களோடு வந்தது. பூவெப்லா நகரத்தில் அதைக் கோதுமை ரொட்டியில் சுற்றி "அரபு டாக்கோ" என்று விற்றார்கள், இன்றைக்கும் விற்கிறார்கள். காலப்போக்கில் ஆட்டிறைச்சி பன்றியாக மாறியது. மெக்சிகோ நகரத்துக்கு வந்தபோது ரொட்டிக்குப் பதில் சோளத் தொர்த்தீயா வந்து, மசாலாவும் முழுக்க உள்ளூராகிவிட்டது. 1960களில் நகரமெங்கும் பரவியது. "அல் பாஸ்தோர்" என்றால் மேய்ப்பர் பாணி. ஆடு போய்விட்டது, மேய்ப்பர் மட்டும் பெயரில் நிற்கிறார்.

அந்தக் கோபுரத்துக்கு இங்கே "த்ரோம்ப்போ" என்று பெயர். அப்படியென்றால் பம்பரம். மேலே பருத்து, கீழே குறுகி, ஆணியில் நிற்கிற பம்பரமேதான், சுற்றவும் செய்கிறது. சிவப்பு நிறம் சாயம் இல்லை. காரம் குறைந்து நிறம் கூடிய குவாஹீயோ என்ற வற்றல், அச்சியோத்தே என்ற சிவப்பு விதை, பூண்டு, வினிகர் எல்லாம் அரைத்து மெல்லிய பன்றி இறைச்சித் துண்டுகளில் பூசி ஊறவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தி அடுக்குவார்கள். உச்சியில் ஒரு அன்னாசிப் பழம்.

பெரியவர் சீவுவதை முதல் முறை பார்க்கிறவர்கள் சாப்பிட மறந்துவிடுவார்கள். இடது கையில் தொர்த்தீயா. வலது கையில் முழ நீளக் கத்தி. கீழ்நோக்கி நான்கு இழுப்பு, இறைச்சி சீவலாக நேரே தொர்த்தீயாவில் விழும். பிறகு கத்தி நுனி மேலே போகும், அன்னாசியில் ஒரு தட்டு, ஒரு துண்டு காற்றில் பறந்து வரும். அவர் அதைப் பார்க்கக்கூட மாட்டார், இடது கை தானாகப் போய் ஏந்திக்கொள்ளும். சில சமயம் தவறிவிடும். அப்போது மகள் மேடையிலிருந்து நிமிராமலே "அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்பாள்.

எனக்கு மாட்டிறைச்சி வேண்டாம். பன்றி வேண்டாம். எது எது என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலகையில் விலங்கின் பெயர் இருக்காது. வெட்டின் பெயரோ சமைக்கும் முறையின் பெயரோதான் இருக்கும்.

மாடு: பிஸ்தெக், சுவாதேரோ, கோஸ்தீயா, லெங்குவா என்ற நாக்கு, கார்னே அசாதா. கபேசா என்றால் தலைக்கறி, அதுவும் பெரும்பாலும் மாடுதான். கன்னம், உதடு, கண் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குவார்கள். த்ரீப்பா என்றால் குடல். கார்னே என்றால் இறைச்சி, ஆனால் வெறும் "கார்னே" என்று சொன்னாலும் பலர் மாட்டைத்தான் சொல்கிறார்கள்.

பன்றி: பாஸ்தோர், கர்நீத்தாஸ், சூலேத்தா, சோரிசோ, லோங்கனிசா, யுகத்தான் பக்கத்து கொச்சினீத்தா. காம்ப்பெச்சானோ என்று ஒன்று இருக்கும், அது கலவை. பெரும்பாலும் மாடும் பன்றியும் சேர்ந்தது, இரண்டில் ஒன்றை ஒதுக்குகிறவரும் அதைத் தொடக்கூடாது.

ஆடு வேண்டுமென்றால் பார்பக்கோவா கடைக்குப் போங்கள். மத்திய மெக்சிகோவில் அது செம்மறியாடு, போர்ரேகோ. வடக்கே போனால் அதே பெயரில் மாடு வரும், கேட்டுக்கொள்ளுங்கள். பீர்ரியா என்பது ஹலிஸ்கோ மாநிலத்தில் வெள்ளாடு. இப்போது எல்லா இடத்திலும் பரவியிருக்கும் சீஸ் போட்ட பீர்ரியா திஹுவானா பாணி, அது மாடு. கோழி போயோ. டாக்கெரியாவில் கோழி இருந்தாலும் யாரோ வற்புறுத்தியதால் வைத்த மாதிரிதான் இருக்கும்.

"நோ கோமோ ரெஸ்" என்றால் மாடு சாப்பிட மாட்டேன். "நோ கோமோ புவேர்க்கோ" என்றால் பன்றி சாப்பிட மாட்டேன். இந்த இரண்டு வரியையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். இன்னொன்று: எல்லாம் ஒரே கல், ஒரே கத்தி, ஒரே கொழுப்பு. அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் சின்ன டாக்கெரியா உங்களுக்கான இடம் இல்லை. ஹலால் இங்கே எதிர்பார்க்க முடியாது.

சுவாதேரோ என்றால் சரியாக என்ன?

மாட்டின் வயிற்றுக்கும் காலுக்கும் இடையில் தோலை ஒட்டியிருக்கும் மெல்லிய சதை. இந்த நகரத்துக்கே உரிய டாக்கோ. நடுவில் குமிழ் போல மேடிட்டு, சுற்றிலும் அகழி மாதிரி இருக்கும் பெரிய தகரத் தட்டில் சமைப்பார்கள். அகழியில் கொழுப்பில் மணிக்கணக்காக வேகும், யாராவது கேட்டால் நடு மேட்டுக்கு இழுத்து, முறுகவிட்டு, கொத்துவார்கள். அந்தக் கொத்தும் சத்தம் கேட்டால் எனக்கு மதுரை ஞாபகம் வந்துவிடும். மாடு சாப்பிடுகிறவர் என்றால், என் தனிப்பட்ட கருத்தில், பாஸ்தோருக்கு முன்னால் இதைச் சொல்லுங்கள். கம்பி சுற்றாது, அன்னாசி பறக்காது, அதனால் யாரும் போட்டோ எடுப்பதில்லை. சுவை இதில்தான்.

நான் சைவம். வந்தால் பட்டினியா?

பட்டினி இல்லை. ஆனால் பாஸ்தோர் கடைக்கு வராதீர்கள், வேறு கடைக்குப் போங்கள். "சைவம்" என்று சொன்னால் கோழி போட்டுத் தருவார்கள் என்பது பழைய நகைச்சுவை. பாதி உண்மையும்கூட, ஏனென்றால் "கார்னே இல்லாமல்" என்பது சிலர் காதில் "சிவப்பு இறைச்சி இல்லாமல்" என்றுதான் விழும்.

பெரிய சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது: மன்த்தேக்கா, அதாவது பன்றிக் கொழுப்பு. பீன்ஸை, அதாவது ராஜ்மா மாதிரிப் பயறை, அதில்தான் பல வீடுகளில் தாளிக்கிறார்கள். சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். என் கல்லூரி நண்பன் ஒருவன், பூண்டு வெங்காயம்கூட யோசித்துச் சாப்பிடும் குடும்பம், மூன்று நாள் பீன்ஸ் டாக்கோவைப் புகழ்ந்து சாப்பிட்டான். நான்காம் நாள் கடைக்கார அம்மா பெருமையாகத் தன் ரகசியத்தைச் சொன்னார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, நாங்கள் கேட்கவே இல்லை. "சின் மன்த்தேக்கா?", அதாவது "பன்றிக் கொழுப்பு இல்லாமலா?" என்று கேட்டிருந்தால் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருப்பார்.

நடைபாதையில் ஒரு பெரிய கல்லை வைத்து, ஊதா நிறச் சோள மாவு தட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் இருப்பார்கள். அங்கே போங்கள். பூசணிப் பூ, காளான், நோபால் என்ற சப்பாத்திக்கள்ளி மடல், வறுத்து உரித்த பெரிய பச்சை மிளகாயைக் கீற்றாக்கிய ராஹாஸ் எல்லாம் கிடைக்கும். விட்லாகோச்சே என்று ஒரு கறுப்புக் குழம்பு மாதிரி இருக்கும், சோளக் கதிரில் வளரும் பூஞ்சை. பார்க்க ஒரு மாதிரி, சுவை காளானுக்கு அண்ணன். பீன்ஸ் மசித்து உள்ளே வைத்துத் தட்டிய தடித்த த்லாக்கோயோ மேல் நோபால் தூவி வாங்கினால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. கொழுப்பு கேள்வியை மட்டும் இங்கேயும் கேளுங்கள்.

இந்த நகரத்தில் ஒரு வேடிக்கை: உள்ளே ஏதாவது வைத்து மடித்த தொர்த்தீயாவான கேசாதியா கேட்டால் "சீஸ் போட்டா, போடாமலா?" என்பார்கள். கேசாதியாவின் பெயரே சீஸிலிருந்து வந்தது. நாட்டின் மற்ற ஊர்க்காரர்கள் இதைச் சொல்லி இந்த நகரத்துக்காரர்களைச் சிரித்தே கொல்வார்கள். நீங்கள் "கோன் கேசோ" என்று சொல்லிவிடுங்கள்.

தொர்த்தீயா நம் சப்பாத்தி மாதிரிதானே?

தோற்றம் அப்படி, குணம் வேறு. கோதுமைத் தொர்த்தீயா வட மெக்சிகோவின் பழக்கம், அதற்கு வேண்டுமானால் சப்பாத்தி உறவு சொல்லலாம். இங்கே சோளம், அதாவது நாம் மக்காச்சோளம் என்பது. அதை அப்படியே அரைத்து மாவாக்கினால் தட்ட வராது, உதிர்ந்துவிடும். காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் கொதிக்கவைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, கழுவி, தோல் கழன்றதும் அரைக்கிறார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பின் இனம்தான். இப்படித் தயாரான சோளத்துக்கு நிஸ்தமால் என்று பெயர், இங்குள்ள பூர்வகுடிகளின் நாவாத்தல் மொழிச் சொல், சாம்பலும் மாவும் சேர்ந்தது.

சுண்ணாம்பு சேர்வதால் மாவு பிசுபிசுப்பாகிப் பிடிக்கிறது, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்தும் உடம்புக்குக் கிடைக்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை இங்கேயே விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலிய ஏழைகளுக்கும், பின்னால் அமெரிக்கத் தென் மாநிலத்தவருக்கும் பெல்லாக்ரா என்ற நோய் வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மெக்சிகோவின் பாட்டிகளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எங்கள் கடையில் அம்மா சுடும்போது கவனித்துப் பாருங்கள். கொமால் என்ற கல் நம் தோசைக்கல்லின் உடன்பிறப்பு. மாவு உருண்டையை அழுத்திக் கல்லில் போடுவார், ஒரு புறம் சில நொடி, திருப்பி மறு புறம், மீண்டும் திருப்பி விரல் நுனியால் நடுவில் லேசாக ஒரு தட்டு. பூரி மாதிரி உப்பும். உப்பியது என்றால் மாவுப் பதம் சரி. உப்பாவிட்டால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மாவில் ஒரு கை தண்ணீர் தெளிப்பார்.

மொறுமொறுவென்று ஓடு மாதிரி மடித்த டாக்கோ கிடைக்குமா?

கிடைக்காது. அந்த வளைந்த ஓடு அமெரிக்கத் துரித உணவுக் கடைகளால் உலகம் சுற்றியது. பொரித்த டாக்கோ இங்கேயும் உண்டு, ஆனால் குழலாகச் சுருட்டியோ மடித்தோ எண்ணெயில் போட்டு எடுப்பது. அதற்குத் தனிக் கடை.

கையால் சாப்பிடலாமா?

கையால்தான் சாப்பிட வேண்டும். முள்கரண்டி கேட்டால் தருவார்கள், ஆனால் மருமகன் உங்களைப் பற்றி வீட்டில் போய்ப் பேசுவார். கட்டைவிரலும் இரண்டு விரல்களும் போதும். டாக்கோவைச் சாய்க்காதீர்கள், தலையைச் சாயுங்கள். முழங்கை கொஞ்சம் வெளியே, உடம்பு கொஞ்சம் முன்னே, தட்டு நேர் கீழே. கொழுப்பு சொட்டினால் சட்டையில் விழாது. வலக்கை இடக்கைக் கணக்கெல்லாம் இங்கே இல்லை. துடைக்கத் தரும் காகிதம் வழுக்குமே தவிர எதையும் உறிஞ்சாது. கை கழுவக் குழாய் இருக்கும், முதலிலேயே கழுவிக்கொள்ளுங்கள்.

நாம் சாப்பிடாத காரமா?

எல்லாத் தமிழரும் இதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். மிளகாய் இந்த நாட்டுச் சரக்கு. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவரும்வரை நம்மிடம் மிளகுதான் இருந்தது. அது ஒரு பக்கம். நாம் மிளகாயை எண்ணெயில் வதக்கி, பருப்பிலும் புளியிலும் கரைத்து, சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறோம். இங்கே பச்சையாகவோ சுட்டோ அரைத்து, நேரே மேலே ஊற்றுகிறார்கள். தாங்கிக்கொள்ளச் சோறு கிடையாது.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிவப்பு காரம், பச்சை சாது என்று எந்த விதியும் இல்லை. வெண்ணெய் மாதிரி வழவழவென்று ஒரு இளம்பச்சை சல்சா இருக்கும். அவகாடோ என்று நினைத்து இரண்டு கரண்டி ஊற்றுவார்கள். பல கடைகளில் அது பச்சை மிளகாயையும் எண்ணெயையும் சேர்த்து நுரைக்க அடித்தது, அவகாடோ துளிகூடக் கிடையாது. ஊதா வெங்காயத்தோடு ஆரஞ்சு நிறத் துண்டுகள் மிதந்தால் அது அபனேரோ என்ற கடுங்கார மிளகாய். என் சித்தப்பா ஒருவர், ஆவக்காயை வெறுமனே சாப்பிடுகிறவர், அதில் ஒரு துண்டை ஊறுகாய் மாதிரி வாயில் போட்டார். கால் மணி நேரம் விக்கல். கடைக்காரப் பெரியவர் கத்தியை வைத்துவிட்டு வந்து உப்பும் எலுமிச்சையும் கொடுத்தார்.

"பிக்கா?" என்றால் "காரமா?" என்று கேள்வி. "நோ பிக்கா" என்று பதில் வந்தால் நம்பாதீர்கள். முதல் கடிக்கு ஒரு சொட்டு. அப்புறம் உங்கள் இஷ்டம். சல்சாக் கரண்டி பொதுக் கரண்டி, அது தட்டிலோ டாக்கோவிலோ படக்கூடாது, மேலிருந்து ஊற்ற வேண்டும். எலுமிச்சை நம்மூர்ச் சின்ன எலுமிச்சைதான், தாராளமாகப் பிழியலாம்.

தட்டை ஏன் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருகிறார்கள்?

கழுவத் தண்ணீர் மிச்சம். பிளாஸ்டிக் தட்டுக்கு மேல் மெல்லிய பையை உறையாக மாட்டி, நீங்கள் சாப்பிட்டதும் உருவி எறிந்துவிட்டு அடுத்தவருக்குப் புது உறை. நம்மூர்க் கையேந்தி பவனில் தட்டின் மேல் இலை போடுகிற அதே யோசனை. இலை மக்கும், இது மக்காது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பகுதிகள் உள்ள நகரம் இது, கடைக்காரரைத் திட்டவும் மனம் வருவதில்லை.

குடிக்க என்ன?

குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், இங்கே யாரும் குடிப்பதில்லை. 20 லிட்டர் கேன்தான் வீட்டிலும் கடையிலும். பெரிய கண்ணாடி ஜாடிகளில் பழத் தண்ணீர் வைத்திருப்பார்கள். அரிசியும் பட்டையும் சேர்ந்த வெள்ளை நிற ஓர்ச்சாத்தா காரத்தை அடக்கும். ஹமாய்க்கா என்ற கருஞ்சிவப்புத் தண்ணீர் நம் புளிச்சைக் கீரையின் சொந்தக்காரச் செடியில் பூவைத் தாங்கும் புல்லி இதழ்களைக் கொதிக்கவைத்தது, புளிப்பும் துவர்ப்பும். தமரின்தோ வாங்கிக் குடியுங்கள், பானகம்தான், ஏலக்காயும் சுக்கும் மட்டும் இல்லை. பெயரே அரபு மொழியில் "இந்தியப் பேரீச்சை". மிளகாய் அங்கே போக, புளி இங்கே வந்திருக்கிறது.

வயிறு கெடுமா?

கெடலாம், முதல் வாரத்தில் ஒரு நாள். கூட்டம் இருக்கும் கடையில் எதுவும் தேங்கி நிற்காது, எல்லாம் கண் முன்னே தீயிலிருந்து வருகிறது. ஆள் இல்லாத கடையும், வெயிலில் காலையிலிருந்து திறந்தே கிடக்கும் சல்சாக் கிண்ணமும்தான் ஆபத்து. முதல் நாளே ஒன்பது டாக்கோ சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எவ்வளவு ஆகும்? பில் எப்படி?

சாப்பிட்டு முடித்த பிறகுதான் காசு. "எத்தனை சாப்பிட்டீங்க?" என்று கேட்பார்கள், நீங்கள் சொல்கிற கணக்குதான். முதலில் எனக்கு இது நம்ப முடியாததாக இருந்தது. ஒருமுறை ஐந்து என்று சொல்லிவிட்டுப் பாதித் தெரு போனதும் ஆறு என்று நினைவு வந்து திரும்பி வந்தேன். மகள் சிரித்துக்கொண்டே, தெரியும், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன் என்றாள். அப்போதுதான் புரிந்தது, எண்ணாத மாதிரி இருந்தே எண்ணுகிறார்கள்.

இந்த மாதிரிக் கடைகளில் ஒரு டாக்கோ பெரும்பாலும் 15 முதல் 30 பெசோவுக்குள். வரி விலையிலேயே அடக்கம். ஸ்டூலில் உட்கார்ந்து பரிமாறிச் சாப்பிட்டால் பத்து முதல் பதினைந்து சதவீதம் டிப், நின்றுகொண்டு சாப்பிட்டால் டப்பாவில் சில்லறை. கார்டு எடுப்பார்கள் என்று நம்பி வராதீர்கள். 500 பெசோ நோட்டை நீட்டினால் மருமகன் பக்கத்து மருந்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

மிச்லின் நட்சத்திரம் வாங்கிய டாக்கோ கடைக்குப் போகலாமா?

எல் கலீஃபா தெ லியோன், சான் ரஃபேல் பகுதியில், 1968இல் தொடங்கியது. 2024இல் மிச்லின் என்ற உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் கிடைத்தது. உட்கார இடம் இல்லாத குட்டிக் கடை, நான்கே வகை டாக்கோ, கல்லின் சூட்டில் வியர்த்துக்கொண்டு நிற்பார்கள். காளைச் சண்டை வீரர் ரொதோல்ஃபோ கவோனா பெயரில் உள்ள கவோனேராதான் பிரபலம்: மெல்லிய மாட்டிறைச்சி, உப்பு, எலுமிச்சை, வேறொன்றும் இல்லை. போகலாம். ஆனால் வரிசையில் நிற்கும் நேரத்தில் உங்கள் தெருமுனைக் கடையில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடலாம் என்பது என் கட்சி.

அப்படியானால் நல்ல கடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பலகையில் வகை குறைவாக இருக்க வேண்டும். தொர்த்தீயா கண் முன்னே சூடாக வேண்டும். சல்சாவில் குறைந்தது இரண்டு வகை அங்கேயே அரைத்ததாக இருக்க வேண்டும். டாக்சிக்காரர்களும் சீருடை போட்ட செவிலியர்களும் சாப்பிட வேண்டும். சுவரில் தொப்பியும் கற்றாழையும் வரைந்து அலங்கரித்திருந்தால் அது நமக்காக வரைந்தது, அவர்களுக்காக இல்லை. குவாதலூப்பே மாதா படம், அதற்கு ஒரு சின்ன விளக்கு, கால்பந்து ஓடும் டிவி, மேடைக்கு அடியில் வீட்டுப்பாடம் எழுதும் பேரக்குழந்தை என்றால் உள்ளே போய் உட்காருங்கள்.

பார்சல் கட்டித் தருவார்களா?

தருவார்கள், வாங்காதீர்கள். பத்து நிமிடத்தில் தொர்த்தீயா ஊறி, கிழிந்து, பொட்டலம் முழுக்க உப்புமா ஆகிவிடும். கட்டாயம் என்றால் இறைச்சி தனி, தொர்த்தீயா தனி, சல்சா தனியாகக் கேட்டு வாங்கி வீட்டுக் கல்லில் சூடாக்குங்கள்.

கிளம்பும்போது என்ன சொல்வது?

கடைக்காரருக்கு "கிராசியாஸ்". அதோடு நிற்காதீர்கள். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து "ப்ரோவேச்சோ" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். நல்லா சாப்பிடுங்க என்கிற மாதிரி. முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சொல்ல வேண்டும். வாய் நிறைய டாக்கோ இருப்பதால் அவர்களால் பதில் சொல்ல முடியாது, கையை மட்டும் லேசாகத் தூக்குவார்கள்.